பிள்ளையின் நெஞ்செரிவு உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிட்டதா? திருகோணமலைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மூத்த மகனுக்கு உணவுக்குழாயில் புண் இருக்கிறது என்பது எழுத்தில் கைக்கு வர 14 மாதம் எடுத்தது. தொடங்கும்போது அவனுக்கு 6 வயது. சாப்பிட்டு எழும்பியதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு "புளிக்குது அம்மா" என்பான். இரவில் இருமுவான். பாண் துண்டு ஒன்றை விழுங்கக்கூடத் தண்ணீர் கேட்பான். அந்த 14 மாதத்தில் பூச்சி மருந்து கொடுத்தோம், பம்ப் இழுக்க வைத்தோம், அம்மம்மா நூல் கட்டினார், இரண்டு இடத்தில் வயிற்று ஸ்கான் எடுத்தோம். எதிலும் விடை கிடைக்கவில்லை.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரைப்பை அமிலம் மேலே வருகிறதா என்பது ஒன்று. வந்த அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கிறதா என்பது மற்றது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் பரிசோதனை மற்றதற்குச் சொல்லாது. நெஞ்செரிவு கடுமையாக இருந்தும் புண் இல்லாத பிள்ளைகள் உண்டு. பெரிதாக முறையிடாத பிள்ளைக்குப் புண் இருப்பதும் உண்டு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாசியுங்கள்.

நான் வைத்தியர் இல்லை. மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதவில்லை. அது பிள்ளையின் நிறையைப் பார்த்து வைத்தியர் எழுத வேண்டியது.

1. காத்திருக்கக்கூடாத அறிகுறிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்

பச்சை நிறத்தில் சத்தி, இரத்தம் கலந்த சத்தி, கோப்பித்தூள் போன்ற கறுப்புச் சத்தி, தார் போன்ற கறுப்பு மலம், சாப்பாடு நெஞ்சில் சிக்கி எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிய விடுவது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பிள்ளை சோர்ந்து துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. பிறந்து சில கிழமைகளே ஆன குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் பீய்ச்சியடிப்பது போலச் சத்தி எடுத்தாலும் அப்படித்தான். அது நெஞ்செரிவுக் கதையே இல்லாமல் இருக்கலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்த சின்னப் பிள்ளை திடீரென்று விழுங்க மறுத்து, எச்சில் வடித்து, நெஞ்சு நோகிறது என்று அழுதால், வீட்டில் உள்ள ரிமோட், விளையாட்டுச் சாமான், தராசு ஆகியவற்றின் வட்டப் பட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாக எரித்துவிடும். சந்தேகம் என்றாலே ஓடுங்கள்.

2. கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் கமெரா (தொண்டை வழியாக விட்டுப் பார்க்கும் எண்டொஸ்கோப்பி) தேவைப்படாது

பால் குடித்ததும் கக்குவது குழந்தைகளுக்கு வழமை. ஏறக்குறைய 4 மாதத்தில் உச்சமாக இருக்கும். ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும். நிறை ஒழுங்காக ஏறுகிறது, குழந்தை சிரித்து விளையாடுகிறது என்றால் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் நிறைக்கோட்டைக் காட்டி, பால் கொடுக்கும் முறையைச் சரிபார்த்தால் போதும். நிறை ஏறாமல் அழுதுகொண்டே இருந்தால் வைத்தியர் 2 முதல் 4 கிழமைக்குத் தாயின் சாப்பாட்டிலிருந்து மாட்டுப்பாலை நிறுத்தச் சொல்லலாம், அல்லது மா வகையை மாற்றலாம். மாட்டுப்பால் ஒவ்வாமையும் இதே மாதிரித்தான் தெரியும்.

தலையணை வைத்து உயர்த்திப் படுக்க வைக்காதீர்கள், குப்புறவும் போடாதீர்கள். கக்கும் குழந்தையும் மல்லாந்துதான் உறங்க வேண்டும்.

ஒன்றரை வயது தாண்டியும் நிற்காமல் இருந்தாலோ, 6 மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ நிபுணரிடம் காட்ட வேண்டும். மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும், பிறந்தபோது உணவுக்குழாய் அறுவைச் சிகிச்சை செய்த பிள்ளைகளுக்கும் புண்ணாகும் ஆபத்து கூட. அவர்கள் விடயத்தில் வயதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

3. வைத்தியரிடம் போகமுன் 2 கிழமை கொப்பி எழுதுங்கள்

இதற்குச் செலவு ஒரு சின்னக் கொப்பி மட்டும். எங்கள் வழக்கில் கதையை மாற்றியது இதுதான். வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரின் மேசைக்கு முன்னால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "அடிக்கடி நெஞ்சு எரியுதாம்" என்று சொன்னால் அடிக்கடி எழுதப்படும் மருந்துதான் கிடைக்கும். நான் அப்படித்தான் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாள், நேரம், என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரத்துக்குப் பிறகு முறையிட்டான், சத்தியா வெறும் புளிச்சேப்பமா, இரவில் எழும்பினானா என்று எழுதுங்கள். விழுங்குவதைப் பற்றித் தனியாக எழுதுங்கள். எந்தச் சாப்பாடு சிக்குகிறது? ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறானா? இறைச்சியும் பாணும் வேண்டாம் என்று சொதி விட்ட இடியப்பத்தை மட்டும் கேட்கிறானா? சாப்பாட்டு மேசையில் எப்போதும் கடைசியாக எழும்புகிறவன் அவனா? எங்கள் மகன் புட்டைச் சொதியில் ஊறவைத்துக் குடிப்பதைப் போலச் சாப்பிட்டான். செல்லம் என்று நினைத்தோம். குழந்தைநல நிபுணர் அந்த ஒரு வரியைக் கொப்பியில் பார்த்ததும்தான் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

மாதா மாதம் நிறையையும் எழுதுங்கள். முன்பு கொடுத்த மருந்தின் பெயர், எத்தனை நாள், நிறுத்தியதும் என்ன நடந்தது என்பதும் வேண்டும். குடும்பத்தில் தொய்வு, எக்சிமா, சாப்பாட்டு ஒவ்வாமை யாருக்காவது இருந்தால் அதையும் சேருங்கள். ஏன் என்று கடைசியில் விளங்கும். சின்னப் பிள்ளை "நெஞ்சு" என்று சொல்லாது, "வயிறு" என்றுதான் சொல்லும். எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி அதை எழுதிவையுங்கள்.

4. திருமலையில் எங்கே தொடங்குவது

நேரே கொழும்புக்கு ஓடாதீர்கள். நாங்கள் ஓடினோம், பயனில்லை. கொழும்பில் சனல் பண்ணிப் பார்த்த இடத்தில் பழைய ரிப்போர்ட்டும் இல்லை, கடிதமும் இல்லை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

சரியான வழி குழந்தைநல விசேட வைத்திய நிபுணர். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, குழந்தைகள் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் உள்ளவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் தொடங்கலாம். கிளினிக் எந்த நாள், நம்பர் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்பதைத் துண்டு வாங்கும்போதே கேளுங்கள். வெருகல், குச்சவெளி போன்ற தூர இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நாள் தவறினால் முழு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை மூன்று. என் மகனுக்கு எச்சரிக்கை அறிகுறி எதுவும் இருக்கிறதா? மருந்து கொடுத்துப் பார்ப்பதென்றால் எத்தனை கிழமை, அதற்குப் பிறகு என்ன? கமெரா பார்க்க வேண்டி வந்தால் இங்கேயே செய்யலாமா, எங்கே அனுப்புவீர்கள்?

5. மருந்து கொடுத்துப் பார்க்கும் கட்டம்

சொல்லத் தெரிந்த வயதுப் பிள்ளைக்கு நெஞ்செரிவு தெளிவாக இருந்து, எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லையென்றால், ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்தை 4 முதல் 8 கிழமை வரை கொடுத்துப் பார்ப்பார்கள். நன்றாகக் குறைந்தால் மெல்ல நிறுத்துவார்கள். பல பிள்ளைகளுக்கு விடயம் அத்தோடு முடிந்துவிடும். குறையாவிட்டால், அல்லது நிறுத்தியதும் திரும்பி வந்தால், அடுத்த படிக்குப் போக வேண்டும். கைக்குழந்தைக்கு இப்படி மருந்து கொடுத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

நாங்கள் விழுந்த குழி இங்கேதான். கெடு முடிந்த பிறகும் பாமசியில் பழைய துண்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கினோம். குடிக்கிற நாட்களில் கொஞ்சம் பரவாயில்லை என்பதால் 5 மாதம் ஓடியது. விழுங்கும் சிக்கல் மட்டும் மாறவேயில்லை.

மருந்தைப் பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் கொடுக்கச் சொல்வார்கள். கப்சூலைத் திறந்து கொடுக்கச் சொன்னால் உள்ளே உள்ள சிறுமணிகளை நசுக்காதீர்கள், மெல்லவும் விடாதீர்கள். நசுக்கினால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும்.

6. எந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்

வயிற்று ஸ்கான்: உணவுக்குழாய்ப் புண்ணைக் காட்டாது. வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க எடுப்பார்கள்.

பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே: குழாய் ஒடுங்கியிருக்கிறதா, இரைப்பை மேலே ஏறியிருக்கிறதா, குடல் திரும்பியிருக்கிறதா என்று அமைப்பைக் காட்டும். விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு இது தேவைப்படலாம். ஆனால் "பேரியம் நோர்மல்" என்றால் புண் இல்லை என்று அர்த்தம் இல்லை. எங்களுக்கு அந்த ஒரு சொல் 4 மாதத்தைத் தின்றது.

24 மணித்தியால அமிலப் பரிசோதனை: மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, எத்தனை தரம் மேலே வருகிறது, பிள்ளையின் முறைப்பாடும் அதுவும் ஒரே நேரத்தில் நடக்கிறதா என்று அளப்பார்கள். முதலாவது கேள்விக்கு நல்ல பதில் தரும். புண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மேல் எண்டொஸ்கோப்பியும் பயொப்சியும்: இரண்டாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இதுதான். கமெராவால் பார்ப்பது பாதி வேலை. குழாயின் உட்சுவரில் சின்னச் சின்னத் துணுக்கு எடுத்து (பயொப்சி) நுணுக்குக்காட்டியில் பார்ப்பது மற்றப் பாதி. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் குழாயிலும் துணுக்கில் அழற்சி இருக்கலாம். ஆகவே "பயொப்சியும் எடுப்பீர்களா, உணவுக்குழாயில் எத்தனை இடத்தில்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. எங்களுக்குக் கமெரா பார்த்த டொக்டர் அமைதியாக விளக்கம் சொன்னார்.

7. கடிதம், கோப்பு, கையெழுத்து

எங்களைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பொரளையில் உள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் பிள்ளைகளுக்கென்றே உள்ள அரச வைத்தியசாலைகள். உங்களை எங்கே அனுப்புவது என்பதை உங்கள் நிபுணர் தீர்மானிப்பார்.

ஒரு ஃபைலில் இவற்றைப் போடுங்கள்: நிபுணரின் கடிதம், கிளினிக் கொப்பி, பிள்ளை பிறந்ததிலிருந்து நிறை எழுதிய சுகாதாரப் பதிவேடு, இதுவரை வாட்டில் இருந்து வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் காட் எல்லாம், இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், எக்ஸ்ரே படங்கள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, உங்கள் அடையாள அட்டை, 2 கிழமைக் கொப்பி, இப்போது கொடுக்கும் மருந்தின் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் 2 போட்டோக்கொப்பி. மூலக் கடிதத்தைப் பெரும்பாலும் அங்கேயே வைத்துக்கொள்வார்கள். ஃபோனிலும் படம் எடுத்து வையுங்கள்.

மயக்க மருந்துக்குத் தாயோ தகப்பனோ கையெழுத்து வைக்க வேண்டும். நம் பக்கத்தில் தகப்பன் கட்டாரில், தாய் சவூதியில், பிள்ளை அம்மம்மாவிடம் என்ற வீடுகள் நிறைய. அப்படியென்றால் திகதி எடுக்கும்போதே சொல்லி, யாருடைய கையெழுத்து, என்ன கடிதம் செல்லுபடியாகும் என்று கேளுங்கள். அன்று காலையில் சொன்னால் திகதி போகும்.

சிங்களம் தடுமாறுகிறவர்கள் நோயின் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதுவித்துக் கொண்டுபோங்கள். பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவர் எனக்கு எழுதித் தந்தார். வாட்டில் மூன்று பேர் வாங்கி வாசித்தார்கள்.

8. செலவு

அரச வைத்தியசாலையில் பார்வையிடுவது, வாட்டு, எண்டொஸ்கோப்பி, பயொப்சி எதற்கும் கட்டணம் இல்லை. செலவு வேறு பக்கத்தால் வரும்: பயணம், வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து, சில வேளை வெளியில் செய்யச் சொல்லும் பரிசோதனை, பிள்ளையோடு தங்கும் தாயைத் தவிர மற்றவருக்கு அறை, வேலைக்குப் போகாத நாட்கள். குறைந்தது 3 பயணம் என்று கணக்குப் போடுங்கள்: முதல் சந்திப்பு, கமெரா, ரிப்போர்ட்.

தனியாரில் செய்வதென்றால் சொல்லும் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். செய்யும் வைத்தியர், மயக்க மருந்து வைத்தியர், தியேட்டர், கட்டில், பயொப்சிக் கட்டணம். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் தனி பில். எத்தனை துணுக்கு என்பதைப் பொறுத்துக் கூடுமா என்றும் கேளுங்கள். அரச உத்தியோகத்தர்கள் அக்ரஹார காப்புறுதிக்கு விண்ணப்பிக்க மூலப் பற்றுச்சீட்டுகளையும் டயக்னோசிஸ் காட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

9. கமெரா நாள்

பட்டினிதான் முக்கியம். பொதுவாகச் சாப்பாடும் மாப்பாலும் 6 மணித்தியாலத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணித்தியாலத்துக்கு முன், தெளிந்த நீர் 2 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். வாட்டில் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. பிளேன் டீ தெளிந்த நீர், பால் டீ இல்லை.

எங்களை அன்று காலையில் வந்து அனுமதியாகச் சொன்னார்கள். நாங்கள் இரவு ரயிலில் போனோம். விடியற்காலை பிள்ளை பசியில் அழ, நான் கண்ணயர்ந்த நேரத்தில் மாமி ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டார். பிள்ளை அழுதால் எந்த அப்பம்மாவுக்கும் கை நிற்காது. குற்றம் அவரில் இல்லை, விளக்கிச் சொல்லாத எங்களில். திகதி 3 கிழமை தள்ளிப் போனது. மயக்கத்தில் அந்தச் சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் உயிராபத்து என்பதால், உண்மையைச் சொல்லித் திரும்பி வந்தது சரிதான். நீங்கள் முதல் நாளே போய்ச் சேருங்கள். பட்டினி நேரத்தைக் கூட வரும் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

தடிமன், காய்ச்சல், இழுப்பு இருந்தால் புறப்படமுன் அழைத்துக் கேளுங்கள். ஆடும் பல் இருந்தால் மயக்க மருந்து வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 6, 7 வயதில் எல்லாருக்கும் ஒன்று ஆடும். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்திருந்தாலும், காயம் பட்டால் இரத்தம் நிற்காத பழக்கம் இருந்தாலும் சொல்ல வேண்டும். அமில மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று கேளுங்கள். அது சில நோய்களின் அடையாளத்தை மறைத்துவிடும் என்பதால் சில வேளை முன்னரே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். "நித்திரை வரப்பண்ணி, தொண்டைக்குள்ளால் சின்னக் கமெரா விட்டுப் பார்ப்பார்கள், எழும்பும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன்" என்று சொன்னேன். அவன் இரண்டு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு அமைதியானான். உள்ளே இருந்த நேரம் அரை மணித்தியாலமும் இல்லை. எழும்பியதும் தொண்டை கரகரத்தது, கொஞ்சம் அழுதான், மாலையில் ஐஸ்கிரீம் கேட்டான். வீட்டுக்கு வந்த பிறகு கடும் நெஞ்சு வலி, வயிற்று வலி, காய்ச்சல், இரத்தச் சத்தி, கழுத்து வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள். எண்டொஸ்கோப்பி செய்த திகதியையும் சொல்லுங்கள்.

10. ரிப்போர்ட்டை வாசிப்பது

அன்றே கிடைப்பது கமெரா ரிப்போர்ட். அமிலப் புண்ணை லொஸ் ஏஞ்சலிஸ் அளவில் ஏ, பி, சி, டி என்று எழுதுவார்கள். 5 மில்லிமீற்றருக்கு மேற்படாத கீறல் ஏ. அதைவிட நீளம் பி. மடிப்புக்கு மடிப்பு தொடர்ந்து பரவியது சி. குழாயின் சுற்றளவில் 75 வீதமோ அதற்கு மேலோ பரவியது டி. "நோர்மல்" என்று இருந்தாலும் பயொப்சி வரும்வரை முடிவு கட்டாதீர்கள்.

எங்களுக்குப் பயொப்சி வர 3 கிழமை எடுத்தது. அதில் கவனிக்க வேண்டிய சொல் ஈயோசினோஃபில். ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஒரு வகை வெள்ளணு அது. நுணுக்குக்காட்டியின் ஒரு பெரிதாக்கிய பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால், இது வெறும் அமிலப் புண் இல்லாமல் ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்கு வைத்தியமும் சாப்பாட்டு மாற்றமும் வேறு. சாப்பாடு சிக்குவதும் குடும்பத்தில் தொய்வும் எக்சிமாவும் இருப்பதும் அந்தப் பக்கத்தைத்தான் காட்டும். கொப்பியில் எழுதச் சொன்னது அதற்காக. என் மகனுக்கு அது இல்லை, பி அளவு அமிலப் புண். ஆனால் துணுக்கு எடுத்திருக்காவிட்டால் அதை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கு வரமுன் மூன்றை எழுதி வாங்குங்கள்: மருந்து எத்தனை கிழமை, அடுத்த கிளினிக் எங்கே (மருந்தும் நிறையும் பார்ப்பதைத் திருமலைக் கிளினிக்கிலேயே தொடரலாமா என்று கேளுங்கள், எங்களுக்கு ஆம் என்றார்கள்), புண் ஆறியதா என்று இன்னொரு தரம் கமெரா பார்க்க வேண்டுமா. பயொப்சி இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவியுங்கள். ரிப்போர்ட் எடுக்கப் போகும் நாளில் கவுண்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.